எல்.கே.ஜி. பையன் கிரேயானை முஷ்டியில் பிடிக்கிறான்: கலரிங் எப்படிப் பழக்குவது?

மருதமல்லி (மதுரை)
ஜூலை 9, இரவு 10:12

வணக்கம். மகனுக்கு ஏப்ரலில் 4 வயது முடிந்தது. ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்தோம். போன வாரம் டைரியில் மிஸ் எழுதி அனுப்பியிருந்தார்: கலரிங் கோட்டுக்கு வெளியே போகிறது, வீட்டில் தினமும் பழக்கவும். நானும் ஒரு கலரிங் புத்தகம் வாங்கி, சாயங்காலம் பால் குடித்ததும் அரை மணி நேரம் உட்கார வைக்கிறேன்.

நேற்று யானைப் படம். தும்பிக்கையை முடிப்பதற்குள் "அம்மா, கை வலிக்குது" என்றான். சாக்கு சொல்கிறான் என்று நினைத்து அதட்டிவிட்டேன். அப்புறம் தூங்கும்போது கையை எடுத்துப் பார்த்தால் கட்டைவிரல் ஓரம் சிவந்து தடித்திருந்தது. அதிலிருந்து மனசே சரியில்லை.

அவன் கிரேயானை உலக்கை பிடிப்பதுபோல முஷ்டிக்குள் வைத்துக்கொள்கிறான். தோளிலிருந்து கை முழுக்க அசைகிறது, மணிக்கட்டு தாளில் படுவதே இல்லை. அழுத்தமும் அதிகம், தாள் கிழிந்துவிடுகிறது. சோறு தானே எடுத்துச் சாப்பிடுவான். சட்டை பட்டன் போட வராது, டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க வராது.

நான் கேட்க நினைப்பது இரண்டுதான். இந்த வயதில் கோட்டுக்குள் கலர் அடிக்க வராதது தவறா? கலரிங் பழக்கினால் உண்மையிலேயே கை பலப்படுமா, இல்லை பள்ளிக்காகச் செய்வதா?

---

செந்தில்_திருப்பூர்
ஜூலை 9, இரவு 11:05

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் சகோதரி. மகளுக்கு 5 வயது. டேப்லெட்டில் கலரிங் ஆப் போட்டுக் கொடுத்தோம். விரலால் தொட்டால் கட்டம் நிரம்பிவிடும், அதில் அருமையாகச் செய்கிறாள். காகிதமும் கிரேயானும் கொடுத்தால் மூன்று நிமிடம்கூட உட்காருவதில்லை. எதில் செய்தால் என்ன, கைக்குப் பயிற்சிதானே என்று விட்டுவிட்டேன். அது சரியா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

விரல்நுனி (கோவை)
ஜூலை 10, காலை 6:40

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் சிகிச்சையாளர். 11 வருடமாகக் குழந்தைகளோடுதான் வேலை. முதலில் மருதமல்லிக்கு: பையன் சொன்னது சாக்கு இல்லை, நிஜமாகவே வலித்திருக்கிறது. ஒரு கிலோ கல்லைக் கையில் கொடுத்து அரை மணி நேரம் தூக்கிக்கொண்டே நிற்கச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தச் சின்னக் கைக்கு அது அப்படித்தான் இருந்திருக்கும்.

நம் மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்பு, பிறகு ஒவ்வொன்றாகக் கெட்டிப்படும். 4 வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் மூன்று நான்குதான் கண்ணுக்குத் தெரியும். கடைசியாக வருகிற, பட்டாணி மாதிரி இருக்கும் எலும்பு எட்டு ஒன்பது வயதுக்கு மேல்தான் தெரிய ஆரம்பிக்கும். எலும்பு, தசை, மூட்டு எல்லாமே இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் கை அது.

பிடியும் படிப்படியாகத்தான் வரும். ஒன்றரை வயதில் முஷ்டி. இரண்டு, மூன்று வயதில் விரல்கள் நீண்டு கிரேயான்மேல் படியும், உள்ளங்கை தரையைப் பார்க்கும். மூன்றரை, நான்கில் மூன்று விரல் சேரும், ஆனால் விரல்கள் அசையாது, மணிக்கட்டும் முழங்கையும்தான் அசையும். விரல்கள் தாமாக மடங்கி நீண்டு எழுதுவது நாலரை முதல் ஆறு வயதுக்குள் வரும். உங்கள் பையன் வரிசையில் ஒன்றிரண்டு படி பின்னால் நிற்கிறான், அவ்வளவுதான். கோட்டுக்குள் சுத்தமாகக் கலர் அடிப்பதை எல்.கே.ஜி.யின் இரண்டாம் மாதத்தில் எதிர்பார்ப்பது அதிகம்.

இன்றைக்கு அந்தக் கலரிங் புத்தகத்தை மூடி வையுங்கள். ஒரு பெரிய தாளை அவன் கண் உயரத்துக்குப் பீரோ கதவிலோ சுவரிலோ ஒட்டுங்கள். கிரேயானை ஒடித்து, ஒன்று அல்லது ஒன்றரை அங்குலத் துண்டாகக் கொடுங்கள். பெரிய சூரியன் ஒன்று வரைந்து நிரப்பச் சொல்லுங்கள். அல்லது மழை பெய்யட்டும் என்று சொல்லி மேலிருந்து கீழே கோடுகள் இழுக்கச் சொல்லுங்கள்.

துண்டு அவ்வளவு சின்னதாக இருந்தால் முஷ்டிக்குள் காணாமல் போய்விடும். வேறு வழியில்லாமல் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் சேரும். சுவரில் வரையும்போது கவனித்துப் பாருங்கள், மணிக்கட்டு தானாகப் பின்பக்கம் வளையும். அப்படி வளைந்தால்தான் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே ஒரு வட்டமான இடைவெளி திறக்கும். மேசையில் குனிந்து வரையும்போது மணிக்கட்டு உள்பக்கம் மடங்கி அந்த இடைவெளி மூடிவிடுகிறது. நீங்களே உங்கள் கையை மடக்கியும் நிமிர்த்தியும் பாருங்கள், புரியும். தோளுக்கும் அதிலேயே வேலை கிடைக்கும். தோள் உறுதியாக நின்றால்தான் விரல் நுணுக்கமாக அசையும்.

5 நிமிடம் போதும். அவன் "போதும்" என்பதற்கு முன்னால் நீங்கள் நிறுத்துங்கள். விரலைப் பிடித்துத் திருத்தவே வேண்டாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. வீட்டில் 3 வயதுக்குக் கீழே குழந்தை இருந்தாலோ, இவனே எதையும் வாயில் போடுகிறவனாக இருந்தாலோ துண்டுக் கிரேயானோடு தனியே விடாதீர்கள். தொண்டையில் சிக்கும் அளவு அது.

செந்தில் சகோ, உங்கள் கேள்விக்கு மதியம் எழுதுகிறேன், சென்டருக்குக் கிளம்ப வேண்டும்.

---

மருதமல்லி (மதுரை)
ஜூலை 10, காலை 8:15

ரொம்ப நன்றி மேடம். படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. இன்று சாயங்காலமே ஆரம்பிக்கிறேன். வாடகை வீடு, சுவரில் ஒட்டப் பயமாக இருக்கிறது. பீரோவில்தான் ஒட்ட வேண்டும்.

---

கள்ளிப்பூ (விழுப்புரம்)
ஜூலை 10, பிற்பகல் 2:50

நான் அங்கன்வாடிப் பணியாளர். மேடம் சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மையத்தில் 18 பிள்ளைகள். ஒரு சமயம் கைவசம் இருந்தது இரண்டே கிரேயான் டப்பா. எல்லாருக்கும் வர வேண்டுமே என்று ஒவ்வொன்றையும் மூன்றாக ஒடித்துச் சோற்றுத் தட்டில் கொட்டி நடுவில் வைத்தேன். அன்று நானே கவனித்தேன், முழுக் கிரேயானை முறுக்கிப் பிடிக்கும் பிள்ளைகள்கூடத் துண்டை விரல்நுனியில் எடுத்தார்கள். ஏன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

தாளுக்கு எங்களுக்குக் குறை கிடையாது. தேதி கிழிக்கும் நாட்காட்டியின் அட்டை, மாதக் காலண்டரின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கம், எல்லாம் ஊரிலிருந்து வந்துவிடும். மைதாப் பசை காய்ச்சி ஜன்னலுக்குக் கீழே வரிசையாக ஒட்டிவிடுவோம். நின்றுகொண்டே வரைவார்கள். கிரேயான் தீர்ந்தால் வாசல் சிமெண்டுத் தரையில் செங்கல் துண்டும் கரித்துண்டும். செங்கல்லுக்கு அழுத்தம் கொடுத்தால்தான் நிறம் விழும், அதனால் கைக்கு நல்ல வேலை.

இன்னொன்று, எல்லாரும் வீட்டிலேயே செய்யலாம். சத்துமாவைக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து ஆளுக்கு ஒரு உருண்டை கொடுப்போம். பாம்பு செய், பிள்ளையார் பிடி, சின்னச் சின்ன மிளகாக உருட்டு என்று சொல்லுவோம். கடைசியில் எல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். மிளகளவு உருட்டுகிற பிள்ளைக்குப் பென்சில் பிடி சீக்கிரம் வருகிறது. 14 வருடமாக நான் பார்த்தது இது.

---

நீலவானம் (சென்னை)
ஜூலை 10, மாலை 4:30

மாற்றுக் கருத்து ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பில் கலரிங் புத்தகத்துக்கே இடமில்லை. யாரோ போட்ட கோட்டுக்குள் யாரோ சொன்ன நிறத்தை அடைப்பது எதற்கு? இலை பச்சை, வானம் நீலம், யானை சாம்பல் என்று மூன்று வயதிலேயே பூட்டுப் போட்டுவிடுகிறோம்.

என்னிடம் வந்த ஒரு பெண் குழந்தை வெள்ளைத் தாளைக் கொடுத்ததும் அழுதுவிட்டாள். "மிஸ், இதுல படமே இல்லையே" என்றாள். கோடு இல்லாமல் கை ஓடவே இல்லை. ஆறு வாரம் ஆயிற்று, அவளாக ஒரு வட்டம் போட. கைத்தசை வளரக் கிறுக்கினாலே போதும். கிறுக்கலிலும் விரல் அசைகிறது, மணிக்கட்டு சுழல்கிறது. அவுட்லைன் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

---

பழைய_சிலேட்டு (தஞ்சாவூர்)
ஜூலை 10, இரவு 7:20

ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியன். நீலவானம் சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு, பாதி இல்லை.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939ல் சென்னைக்கு வந்து அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய கருவிகளில் உலோகச் சட்டங்கள் என்று ஒரு தொகுதி உண்டு. வட்டம், சதுரம், முக்கோணம், முட்டை வடிவம் என்று மொத்தம் 10. பிள்ளை சட்டத்தைத் தாளில் வைத்துச் சுற்றிலும் கோடு போடும். பிறகு அந்த வடிவத்துக்குள் கலர் பென்சிலால் பக்கத்தில் பக்கத்தில் கோடிட்டு நிரப்பும். சட்டத்துக்குள் பொருந்தும் உலோக வடிவத்தைத் தூக்க ஒரு சின்னக் குமிழ் இருக்கும், மூன்று விரலால்தான் தூக்க முடியும். படம் அழகாக வர வேண்டும் என்பது அதன் நோக்கம் கிடையாது. எழுத்து எழுதுவதற்கு முன்னால் கையைத் தயார் செய்வதற்காகவே அவர் அதை வைத்தார். எல்லைக்குள் நிறுத்துவது என்பது ஒரு தனித் திறன் அம்மா. "ட"வுக்கும் "ப"வுக்கும் எங்கே நிற்க வேண்டும் என்று கைக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் அந்தக் கோட்டைப் பிள்ளையே போட்டுக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். அதில் உங்கள் கட்சி ஜெயிக்கிறது.

எங்கள் காலத்தில் கிரேயான் கிடையாது, சிலேட்டும் பல்பமும்தான். முழுப் பல்பம் வாங்கிய அன்றே ஒடிந்துவிடும். அப்புறம் மாதக் கணக்கில் துண்டுப் பல்பம். கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டைத் துடைப்போம். அந்தக் கசக்கலும் தேய்ப்பும்கூட விரலுக்குத்தான் போயிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

பல்லாங்குழியையும் விட்டுவிடாதீர்கள். ஒரு கை புளியங்கொட்டையை அள்ளிக் குழிக்கு ஒன்றாகப் போட வேண்டும் என்றால், உள்ளங்கையில் இருப்பதைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக விரல்நுனிக்குத் தள்ளி, மற்றதைச் சிந்தாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். நாலு வயதுப் பிள்ளை முதல் நாள் மொத்தத்தையும் கொட்டிவிடும். ஒரு மாதத்தில் கை சொன்னபடி கேட்கும்.

---

விரல்நுனி (கோவை)
ஜூலை 10, இரவு 9:55

ஐயா, பல்லாங்குழியைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே என் சென்டரில் பயன்படுத்துகிறேன். கைக்குள் பொருளை நகர்த்துவது என்று நாங்கள் பாடத்தில் படித்தது அதுதான். பட்டன் போடுவதற்கும் பென்சிலைத் திருப்பிப் பிடிப்பதற்கும் அந்தத் திறன் வேண்டும்.

நீலவானம் மேடம், வெள்ளைத் தாளைப் பார்த்து அழுத குழந்தையைப் போல நானும் பார்த்திருக்கிறேன். மூன்று, மூன்றரை வயதுவரை அவுட்லைன் தேவையே இல்லை என்றுதான் நானும் பெற்றோரிடம் சொல்கிறேன். கிறுக்கட்டும், தாராளமாக. அதற்குப் பிறகு எல்லை வேண்டும், ஆனால் பெரியதாக, தடித்த கோடாக. உள்ளங்கை அளவு மாம்பழம் ஒன்று போதும். கோட்டின்மேல் ஃபெவிகால் விட்டுக் காயவைத்தால் மேடு மாதிரி நிற்கும். கிரேயான் அதில் முட்டியதும் கை தானாக நிற்கும், நாம் வாய் திறந்து "வெளியே போகாதே" என்று சொல்ல வேண்டியதில்லை. கடையில் விற்கும் புத்தகங்களில் ஒரே பக்கத்தில் பூ, பட்டாம்பூச்சி, புல், வேலி என்று இருபது சந்து பொந்து. அது ஆறு ஏழு வயதுக்கு.

செந்தில் சகோ, ஆப் விஷயம். கண்ணாடித் திரையில் விரலைத் தேய்க்கும்போது எதிர்ப்பே இல்லை. மெழுகுக் கிரேயானைத் தாளில் தேய்க்கும்போது தாள் திருப்பி அழுத்துகிறது. அந்த உணர்வு தசை வழியாகவும் மூட்டு வழியாகவும் மூளைக்குப் போகிறது, எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு நிறம் என்று கை கற்றுக்கொள்கிறது. தொட்டால் கட்டம் முழுவதும் நிரம்பும் ஆப்பில் அதற்கு வாய்ப்பே இல்லை. தாளைப் பிடித்துக்கொள்ளும் அடுத்த கைக்கும் அங்கே வேலை கிடையாது. நிறங்களின் பெயர் பழகும், அவ்வளவுதான். மகளுக்குத் திரை பழகிவிட்டதால் உடனே பிடுங்காதீர்கள். கூடவே உட்கார்ந்து நீங்களும் ஒரு தாளில் கலர் அடியுங்கள். அப்பா செய்தால் பிள்ளை வரும்.

எதில் வரைவது என்றும் சிலர் தனிச் செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். கை பலவீனமாக இருந்தால் ஆயில் பேஸ்டல், மெல்ல இழுத்தாலே நிறம் கொட்டும், குழந்தை சோர்ந்துபோகாது. கை கொஞ்சம் தேறியதும் மெழுகுக் கிரேயான். ஸ்கெட்ச் பேனா வழுக்கிக்கொண்டு போகும், அதைப் பரிசு மாதிரி எப்போதாவது கொடுங்கள். மருதமல்லி, உங்கள் பையன்போல ரொம்ப அழுத்துகிற பிள்ளைக்குத் தாளுக்கு அடியில் உப்புத்தாள் வைத்துப் பாருங்கள். கரகரவென்று கைக்குத் தெரியும், அழுத்தம் தானாகக் குறைவதை என் அனுபவத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாப் பிள்ளைக்கும் அது ஒத்துவராது, சிலருக்கு அந்தச் சத்தமே பிடிக்காது.

---

யாழ்_முன்பள்ளி
ஜூலை 11, காலை 9:10

யாழ்ப்பாணத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் நிறந்தீட்டல் என்று சொல்லுவோம். உப்புத்தாள் பற்றி வாசித்ததும் ஞாபகம் வந்தது, நாங்கள் இலை வைத்து உரஞ்சுவோம். அரசமிலையோ பலா இலையோ நரம்பு மேலே பார்க்கும்படி வைத்து, மேலே மெல்லிய கடதாசி போட்டு, பாஸ்டலைப் படுக்கப் போட்டு உரஞ்சினால் நரம்பு ஒவ்வொன்றாக எழும்பி வரும். பிள்ளைகள் "ரீச்சர், இலை வருது" என்று கத்துவார்கள். கடதாசி அசையாமல் மற்றக் கையால் அமத்திப் பிடிக்காவிட்டால் படம் கலங்கிவிடும். ஆகவே இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகும்.

நிறந்தீட்டப் பிடிக்காத பிள்ளைகளுக்குக் கிழித்து ஒட்டுதல் கொடுக்கிறோம். பழைய சஞ்சிகைத் தாளைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து மீன் படத்துக்குள் செதில்போல ஒட்டுவது. கிழிக்கும்போது இரண்டு கையின் விரல்நுனியும் எதிரெதிராகப் போகும். ஒரு பிள்ளை மூன்று மாதம் பென்சிலைத் தொடவேயில்லை, கிழித்துக்கொண்டேயிருந்தான். பிறகு ஒரு நாள் தானாக வந்து பாஸ்டலை எடுத்தான். அவனைக் கட்டாயப்படுத்தாமல் விட்டது நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன்.

---

வடக்குவாசல் (சேலம்)
ஜூலை 12, இரவு 8:30

மகளுக்கு மூன்றரை வயது. இடது கையால்தான் கிரேயான் எடுக்கிறாள். என் அம்மா ஒவ்வொரு தடவையும் பிடுங்கி வலது கையில் வைக்கிறார். நானும் சின்ன வயதில் இடது கைக்காரன்தான், அடித்து மாற்றினார்கள். இன்றுவரை என் கையெழுத்து எனக்கே பிடிக்காது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

---

விரல்நுனி (கோவை)
ஜூலை 12, இரவு 10:20

மாற்றவே வேண்டாம். எந்தக் கை என்பது மூளை முடிவு செய்வது. நாலு முதல் ஆறு வயதுக்குள் உறுதியாகும். அதுவரை கிரேயானை நடுவில், மூக்குக்கு நேராக வையுங்கள், எந்தக் கை வருகிறதோ வரட்டும். இடது கைப் பிள்ளைக்குத் தாளைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, மேல்முனை வலப்பக்கம் சாயும்படி வையுங்கள். அப்போதுதான் மணிக்கட்டைக் கொக்கி மாதிரி வளைக்காமல் வரையும். பாட்டிக்குச் சாப்பாடு, விபூதி வாங்குவதுதான் கவலை என்றால் அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். கிரேயானில் மட்டும் தலையிட வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் கையெழுத்துக் கதையையே சொல்லுங்கள், அவர் பிள்ளையாயிற்றே நீங்கள்.

இதோடு சேர்த்து எல்லாப் பெற்றோருக்கும் ஒன்று. ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டுமே பயன்படுத்தி மற்றக் கையைச் சும்மா வைத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், அந்தக் கையில் பலவீனம் இருக்கலாம். 3 வயதாகியும் கிறுக்கவே விருப்பமில்லை, 4 வயது முடிந்தும் வட்டத்தைப் பார்த்துப் போட வரவில்லை, 5 தாண்டியும் முஷ்டிப் பிடியே, பொருளை எடுக்கும்போது கை நடுக்கம் என்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பணம் கட்டித்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. 2013ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்துக்கென்றே ஆரம்பகாலச் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

---

மருதமல்லி (மதுரை)
ஜூலை 21, இரவு 9:35

பத்து நாள் ஆகிறது, சொல்லிவிடலாம் என்று வந்தேன்.

முதல் நாள் பீரோவில் காலண்டர் தாளை ஒட்டித் துண்டுக் கிரேயானைக் கொடுத்தேன். கிரேயானை ஏன் ஒடித்தாய் என்று ஒரே அழுகை. அதை நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் அவனையே ஒடிக்கச் சொன்னேன். "டப்" என்ற சத்தத்துக்காகவே பன்னிரண்டையும் ஒடித்துவிட்டான். மேலே சுற்றிய தாளை உரிப்பதற்கு மட்டும் அரை மணி நேரம் போனது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி, நாக்கைத் துருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்குக் கலரிங்கே நடக்கவில்லை, ஆனால் விரலுக்கு அவ்வளவு வேலை.

ஐந்தாம் நாள் பார்த்தேன் மேடம், நீங்கள் சொன்ன அந்த வட்டம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே. மழை வரைந்துகொண்டிருந்தான், நீலத் துண்டு. மணிக்கட்டு பின்னால் சாய்ந்து, சுண்டுவிரல் பீரோவைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் கையை மாற்றிவிடுவானோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் நான் சமையலறையில் இருந்தபோது பீரோவைத் தாண்டிச் சுவருக்கும் மழை போய்விட்டது. சமையல் சோடாவை ஈரத்துணியில் தொட்டுத் துடைத்ததில் போய்விட்டது, வாடகை வீட்டுக்காரர்களுக்குப் பயன்படும் என்று சொல்கிறேன்.

பள்ளியில் நீளமான கிரேயான்தான், அங்கே இன்னும் முஷ்டிதான். மிஸ்ஸிடம் எப்படிப் பேசுவது என்று தயக்கமாக இருக்கிறது. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

---

பழைய_சிலேட்டு (தஞ்சாவூர்)
ஜூலை 22, காலை 5:50

ஒரு டப்பாவில் துண்டுக் கிரேயானைப் போட்டுப் பையனிடமே கொடுத்தனுப்பம்மா. "வீட்டில் இதில் பழகுகிறான் மிஸ், வகுப்பிலும் இதையே பயன்படுத்தலாமா?" என்று கேள். அனுமதி கேட்பதுபோல இருக்கும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பெற்றோர்களுக்கும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அந்த மிஸ் இருக்கிறார். நானும் அந்த நாற்காலியில் இருந்தவன். பிள்ளையின் கலரிங் பக்கத்தைப் பெற்றோர் வந்து பார்க்கும் நாளுக்காக நானே கோட்டுக்கு வெளியே போனதை ரப்பரால் அழித்துச் சுத்தம் செய்திருக்கிறேன். செய்திருக்கக் கூடாது.

---

நீலவானம் (சென்னை)
ஜூலை 22, காலை 11:15

ஐயா, நீங்கள் சொன்ன சட்டம் விஷயத்தை வைத்து ஒன்று செய்து பார்த்தேன். பழைய சிடி, டிபன் மூடி, தீப்பெட்டி, தோசைத் திருப்பியின் முனை எல்லாவற்றையும் கொடுத்து, அவர்களே சுற்றிக் கோடு போட்டு நிரப்பட்டும் என்று விட்டேன். ஒரு மணி நேரம் சத்தமே இல்லை வகுப்பில். தீப்பெட்டியை வரிசையாக வைத்து ஒருவன் ரயில் விட்டான். அவுட்லைன் அவர்களுடையதாக இருந்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை.

---

மருதமல்லி (மதுரை)
ஆகஸ்ட் 14, இரவு 10:05

மிஸ்ஸிடம் ஐயா சொன்னபடியே கேட்டேன். "இது நல்லா இருக்கே, மத்த பிள்ளைங்களுக்கும் கொடுக்கலாமா?" என்றார். நான்தான் ஒரு மாதமாக வீணாகப் பயந்திருக்கிறேன்.

இன்று ஆடி வெள்ளி. மாமியார் வாசலில் கோலம் போடும்போது இவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவர் ஓரமாக நாலு புள்ளி வைத்துக் கொடுத்து, மாவை அள்ளாதே, கிள்ளு என்றார். கட்டைவிரலாலும் இரண்டு விரலாலும் கிள்ளி எடுத்தான். பாதி வழியில் எல்லாம் கொட்டிப் போய் ஒரே மொத்தையாக விழுந்தது. மாமியார் தன் கையை அவன் கண்ணுக்கு நேரே பிடித்து, ஆள்காட்டி விரலைக் கட்டைவிரலின் மேல் மெல்லத் தேய்த்துக் காட்டினார், மாவு நூல் மாதிரி இறங்கியது. அவனும் தேய்த்தான். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிவரைக்கும் கோணலாக ஒரு கோடு வந்தது. அப்புறம் அவன் அங்கேயே நின்று, போகிற வருகிறவர்களை எல்லாம் "மிதிக்காதீங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தான்.

சட்டையில் கடைசிப் பட்டன் மட்டும் போடுகிறான். மேல் பட்டன் இன்னும் வரவில்லை.

---

விரல்நுனி (கோவை)
ஆகஸ்ட் 14, இரவு 10:40

மேல் பட்டன் கண்ணுக்குத் தெரியாது, அது கடைசியில்தான் வரும். கவலை வேண்டாம். மாமியாருக்கு என் வணக்கம் சொல்லுங்கள். விரலைத் தேய்த்து மாவு இறக்கும் அந்த ஒரு அசைவைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு கருவியும் கிடைத்ததில்லை. நாளைக்கே ஒரு கிண்ணம் கோலமாவு சென்டருக்கு எடுத்துப் போகிறேன்.

---

கள்ளிப்பூ (விழுப்புரம்)
ஆகஸ்ட் 15, மாலை 6:20

மேடம், அந்த உப்புத்தாள் எந்த நம்பர் வாங்க வேண்டும்? கடையில் போய்க் கேட்டால் பத்து வகை எடுத்துப் போடுகிறார்கள்.

---

விரல்நுனி (கோவை)
ஆகஸ்ட் 15, இரவு 8:00

120ஆம் நம்பர் போதும் அக்கா. அதைவிடச் சொரசொரப்பானது மெல்லிய தாளைக் கிழித்துவிடும். ஓரத்தை டேப்பால் ஒட்டிவிட்டுக் கொடுங்கள், பிள்ளைகள் கையில் உரசாமல் இருக்கும்.